அந்த நேரத்தில் எண்ணெய் ஏன் சூடாக இருந்தது?

வடமேற்கு லண்டனில் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணை, பத்து வருடமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கொத்து ரொட்டி, ரோல்ஸ், வடை, வார இறுதியில் பார்ட்டி ஆர்டர். சமையல்காரர் ஒருவர், கவுன்டரில் இரண்டு பிள்ளைகள், பாத்திரம் கழுவிக் கடை பூட்டப் படிக்க வந்த பொடியன்கள் இரண்டு பேர். பொடியன்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை. போன சனிக்கு முந்தின சனி இரவு, ஃப்ரையர் எண்ணெயை இறக்கும்போது டின் சரிந்து ஒருவனுக்குக் கையிலும் காலிலும் ஊற்றிவிட்டது. மனைவி உடனே பற்பசை பூசினா, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்றைக்கு 12 நாள், கட்டு இன்னும் இருக்கிறது. ஐந்தாம் நாள் அவனாகவே வந்து போன் ஆர்டர் எடுத்துத் தந்தான். எலும்பு முறிந்தால்தான் அறிவிக்க வேண்டும், இவன் தவறவிட்டது நாலு ஷிஃப்ட்தானே என்கிறார் கணக்காளர். பொடியனும் 'எழுதிப் போடாதீங்கோ அண்ணா, விசாவுக்குப் பிரச்சினை வரும்' என்கிறான். என்னிடம் ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீட்டு) ஃபைல் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கதவில் சாப்பாட்டுச் சுகாதாரத்துக்குக் கவுன்சில் தந்த 5 மதிப்பெண் இருக்கிறது. கவனமாக இரு என்று எத்தனையோ தரம் சொல்லியும் இருக்கிறேன். என்னில் என்ன பிழை?"

கடிதம் வந்த வியாழக்கிழமையே இவரைப் போனில் பிடித்துப் பேசிவிட்டேன். பதிலை அச்சில் பார்க்கும்வரை அவரால் காத்திருக்க முடியாது. காரணம் கீழே வருகிறது. இங்கே எழுதுவது, இதே நிலையில் இருந்துகொண்டு கடிதம் எழுதாமல் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் நாள் கணக்கு. வேலையிடத்து விபத்துகளை அறிவிப்பதற்கென்று 2013ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. வேலையிடப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் நம் தொழிலில் அதை ரிடோர் என்போம். கணக்காளர் சொன்ன எலும்பு முறிவு அதில் ஒரு பகுதிதான். விரல்கள் தவிர்ந்த எலும்பு முறிவு, உறுப்பு துண்டாவது, உடம்பில் பத்து சதவீதத்துக்கு மேல் வெந்துபோவது போன்றவை தனிப் பட்டியல். அதில் சேராவிட்டாலும், ஒருவர் தன் வழக்கமான வேலையை ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து செய்ய முடியாமல் போனால் அறிவித்தே ஆக வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து 15 நாளுக்குள்.

இந்த ஏழு நாளைத்தான் எல்லோரும் தப்பாக எண்ணுகிறார்கள். விபத்து நடந்த நாள் கணக்கில் வராது. அதற்கு அடுத்த நாளிலிருந்து லீவு நாள், ஷிஃப்ட் இல்லாத நாள் எல்லாம் சேர்ந்து எண்ணப்படும். அடிபட்ட தம்பிக்குத் திங்கள் முதல் வியாழன் வரை ஷிஃப்ட் இல்லை என்பதால் அந்த நாட்களில் அவன் கை ஆறிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. சனி இரவு அடிபட்டது, ஞாயிறு முதல் அடுத்த சனி வரை ஏழு. அதற்கடுத்த ஞாயிறும் அவனால் முடியவில்லை, அன்றைக்கே உங்கள் கடமை பிறந்துவிட்டது. போன் ஆர்டர் எடுத்ததும் உங்களைக் காப்பாற்றாது. அவன் வழக்கமான வேலை பாத்திரம் கழுவுவதும் ஃப்ரையர் துடைப்பதும். நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் போனைக் கொடுத்தால் அது வழக்கமான வேலைக்குத் திரும்பியதாகாது. ஆக நீங்கள் எழுதிய அன்று கையில் இருந்தது மூன்றே நாள். சனிக்கிழமை படிவத்தை இணையத்தில் அனுப்பிவிட்டதாகச் செய்தி போட்டிருந்தீர்கள். நல்லது.

அறிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஆனால் அறிவிக்காமல் இருப்பதே தனிக் குற்றம். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போன காயம் என்றால் அறிவிக்கத் தேவையில்லாவிட்டாலும் எழுதி வைக்க வேண்டும், அந்தப் பதிவை மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

தம்பியின் பயத்துக்கு வருவோம். அந்தப் படிவம் கேட்பது யாருக்கு, எங்கே, எப்படி நடந்தது, உடம்பில் எந்த இடத்தில் காயம் என்பவற்றை. விசா விண்ணப்பம் மாதிரி எதுவும் அதில் இல்லை. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் அவன் வேலை செய்திருந்தால், வேலையில் அடிபட்டது அவன் மேல் எந்தக் குறையும் ஆகாது. அந்த வரம்பு மீறப்பட்டிருந்தால் அது வேறு விவகாரம், அதற்குக் குடிவரவு வழக்கறிஞரிடம் போங்கள். விபத்தை மறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. இன்னொன்று, அவன் கெஞ்சினான் என்பது உங்களுக்கு ஒரு சாக்கே இல்லை. கடமை உங்களுடையது.

சரி, "என்னில் என்ன பிழை" என்ற கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் போனில் உங்களை அரை மணி நேரம் குடைந்தேன். எரிச்சலோடுதான் பதில் சொன்னீர்கள், பரவாயில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

கடைசி ஆர்டர் இரவு 10.50க்கு. ரோல்ஸ் எட்டு, கட்லட் ஆறு. ஃப்ரையர் அப்போது 180 டிகிரியில் இருந்தது. பொடியன்களுக்குச் சம்பளம் 11 மணி வரை. எண்ணெய் மாற்றும் நாள் சனி இரவு, ஞாயிறு காலை புது எண்ணெயோடு தொடங்க வேண்டும் என்பதற்காக. ஃப்ரையரின் அடியில் எண்ணெய் இறக்கும் வால்வு ஒன்று இருக்கிறது, ஆனால் ஈஸ்டரிலிருந்து அது கருகிய தூள் அடைத்து இறுகிப்போயிருக்கிறது. அதனால் கைப்பிடிச் சட்டியால் அள்ளி, தரையில் வைத்த காலி எண்ணெய் டின்னில் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. டின்னின் வாய் வெட்டித் திறந்தது, ஒரு பக்கம் நெளிந்தது. தரை ஈரம், ஏனென்றால் மற்றப் பொடியன் அதே நேரத்தில் கழுவிக்கொண்டிருந்தான். தம்பி போட்டிருந்தது துணிச் சப்பாத்து. பஸ் 11.20க்கு.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? பதினைந்து நிமிடத்துக்கு முன்பு வரை பொரித்துக்கொண்டிருந்த எண்ணெயை, வால்வு இல்லாமல், வழுக்கும் தரையில், சம்பளம் முடிந்துபோன நேரத்தில் அள்ளி ஊற்ற வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குள் ஒரு இருபது வயதுப் பிள்ளையை நிறுத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு கவனமாக இரு என்று சொல்வது, குடையைப் பிடுங்கிக்கொண்டு நனையாமல் போ என்பது போலத்தான். எண்ணெய் சூடாக இருந்ததற்குக் காரணம் உங்கள் ரோட்டா, யார் எப்போது எந்த வேலை என்று நீங்கள் போட்ட அட்டவணை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அடுப்பு மூட்டும் முன் இதைச் செய்யச் சொல்லியிருந்தால் அதே டின் சரிந்திருந்தாலும் தரைதான் நாசமாகியிருக்கும்.

இந்த நாட்டுச் சட்டம் யோசிப்பதும் இப்படித்தான். 1974இல் வந்த வேலையிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம் எண்ணெயை எத்தனை டிகிரியில் இறக்கலாம் என்று எங்கும் சொல்வதில்லை. அதற்கு முன்பு சுரங்கத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று சட்டங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. ஏகப்பட்ட விதிகள் இருந்தன, ஆனால் லட்சக்கணக்கானவர்கள் எந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. 1972இல் லார்ட் ராபன்ஸ் தலைமையிலான குழு, ஆபத்தை உண்டாக்குகிறவர்களும் அதோடு வேலை செய்கிறவர்களுமே அதைச் சமாளிக்கும் முதல் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1966இல் வேல்ஸின் அபர்ஃபானில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் செத்தபோது, நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவரும் இதே ராபன்ஸ்தான். வரலாற்றின் குரூரமான வேடிக்கை, என்ன சொல்ல. ஆக, அந்த அறிக்கையிலிருந்து பிறந்த 1974 சட்டத்தின் இரண்டாம் பிரிவு உங்களிடம் கேட்பது இதுதான்: நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு உங்கள் ஆட்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டீர்களா?

"நியாயமாகச் செய்யக்கூடிய அளவு" என்றவுடன் பலருக்கு நிம்மதி வருகிறது, கையில் காசில்லை என்று சொல்லித் தப்பலாம் என்று. அப்படி இல்லை. 1949இல் எட்வர்ட்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளி வழக்கில் சொன்ன அளவுகோல் இன்றும் நிற்கிறது. ஒரு பக்கம் ஆபத்து, மறுபக்கம் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம். சிரமம் ஆபத்தைவிட மிக மிக அதிகமாக இருந்தால்தான் செய்யாமல் விடலாம். அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான், வழக்குப் போடுகிறவர் அல்ல. எண்ணெய் மாற்றும் வேலையைச் சனி இரவிலிருந்து ஞாயிறு காலைக்குத் தள்ள என்ன செலவு? ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரச் சம்பளம். வால்வு விஷயத்தில் இந்தச் சலுகைகூட இல்லை. வேலைக் கருவிகளுக்கான 1998 விதிகளின்படி கருவி நல்ல நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'முடிந்தால்' என்ற சொல் அந்த இடத்தில் கிடையாது.

உங்கள் ஃபைலைப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 34 பக்கத்தையும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, ஏணி பற்றி இரண்டு பக்கம். ஃப்ரையர் பற்றி நான்கு வரி, அதில் கடைசி வரி "ஊழியர்கள் கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டுள்ளனர்". அடைத்த வால்வு இல்லை, சனி இரவு இல்லை. இது உங்கள் கடையைப் பார்த்து எழுதியது அல்ல. நான் ஒருமுறை ஒரு பேக்கரியில் பார்த்த ஃபைலின் ஏழாம் பக்கத்தில் யாரோ ஒரு முடிதிருத்தும் கடையின் பெயர் அழிக்காமல் கிடந்தது. அப்படி விற்கிறார்கள், நம்மவர்களும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சாமி படம் மாதிரி நம்புகிறார்கள்.

ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் ரிஸ்க் அசெஸ்மென்ட்டின் முக்கிய முடிவுகளை எழுத்தில் வைக்க வேண்டும், பாதுகாப்புக் கொள்கையும் எழுத்தில் வேண்டும். பகுதி நேர ஆட்களைக் கணக்கில் விடாதீர்கள், வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவரும் ஒரு தலைதான். உங்களுக்குச் சரியாக ஐந்து. ஆனால் எழுத வெளியாள் தேவையில்லை. என் தொழிலுக்கே எதிராகச் சொல்கிறேன்: 1999ஆம் ஆண்டு விதிகள் கடைக்குள்ளேயே தகுதியான ஆள் இருந்தால் வெளியாளைவிட அவரையே எடுக்கச் சொல்கின்றன. பன்னிரண்டு வருடம் அடுப்படியில் நிற்கும் உங்கள் சமையல்காரருக்குத் தெரியாததா? அவரையும் இரண்டு பொடியன்களையும் உட்கார வைத்து, கடை திறப்பதிலிருந்து பூட்டுவது வரை கை வைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எது சுடும், எது வழுக்கும், எது வெட்டும், எதைத் தூக்க முடியவில்லை. இரண்டு பக்கம் போதும். ஊழியர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்பது விதி, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று இல்லை. அடுப்படியில் பேசுவது தமிழ் என்றால் அடுப்படியில் ஒட்டுவதும் தமிழில் இருக்கட்டும். அதிகாரிக்குக் காட்ட ஒரு ஆங்கிலப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரையருக்கு எழுதும்போது வரிசை முக்கியம். முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்க முடியுமா: காலையில், ஆறிய எண்ணெய். அடுத்தது கருவி: வால்வைத் திறக்கவைப்பது, மூடியும் கைப்பிடியும் உள்ள உலோகக் கலத்தை அதன் அடியில் வைப்பது. கேஸ் ஃப்ரையர் என்பதால் கேஸ் பாகத்தில் கை வைக்கும் வேலை எதுவானாலும் கேஸ் வேலைக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவுள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் வணிகச் சமையலறை வேலைக்கான தகுதி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வீட்டு பாய்லர் பார்க்கிறவருக்கு அது இல்லாமல் இருக்கலாம். பிறகு ஏற்பாடு: எண்ணெய் இறக்கும்போது தரை கழுவக் கூடாது. கையுறை, ஏப்ரன், வழுக்காத சப்பாத்து எல்லாம் கடைசியில்தான், ஆனால் கட்டாயம் வேண்டும்.

சப்பாத்துக்கு 40 பவுண்டைச் சம்பளத்தில் கழிக்கலாமா என்று போனில் கேட்டீர்கள். கூடாது. பாதுகாப்புக்குத் தேவையென்று சட்டப்படி கொடுக்கும் பொருளுக்கு ஊழியரிடம் ஒரு பென்ஸ்கூட வாங்கக் கூடாது என்று 1974 சட்டத்தின் ஒன்பதாம் பிரிவே சொல்கிறது.

இன்ஷூரன்ஸ். நீங்கள் படம் எடுத்து அனுப்பியது பப்ளிக் லயபிலிட்டி. அது வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால். உங்கள் ஊழியருக்கு வேண்டியது எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. இல்லாமல் கடை நடத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் வரலாம். நல்லவேளை, தேடிப் பார்த்து அதே பாலிசியின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். உடனே அவர்களுக்குத் தெரிவியுங்கள், தாமதித்தால் அவர்களே கை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும். சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். தம்பிக்கு நட்ட ஈடு கேட்க மூன்று வருடம் இருக்கிறது. அவன் கேட்டால் அது உங்கள் முதுகில் குத்துவது இல்லை, இன்ஷூரன்ஸ் இருப்பதே அதற்குத்தான். "என் கவனக்குறைவால் நடந்தது" என்று அவனிடம் கையெழுத்து வாங்கலாமா என்று உங்கள் மைத்துனர் கேட்டாராம். அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது, பின்னால் உங்களுக்கே எதிராக நிற்கும். பாதுகாப்பு பற்றி வாய் திறந்தான் என்பதற்காக ஷிஃப்டைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அதற்குத் தனியாகத் தொழில் தீர்ப்பாயத்தில் வழக்கு வரும். அதற்கு அவன் இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

இனி அதிகாரி வருவாரா? வரலாம். சாப்பாட்டுக் கடையை இதில் கண்காணிப்பது ஹெச்.எஸ்.இ. என்ற நாட்டளவிலான வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு அல்ல, உங்கள் கவுன்சில்தான். சாப்பாட்டுச் சுகாதாரம் பார்க்க வந்த அதே ஆள்கூட வரலாம். ஆனால் கதவில் இருக்கும் 5, கோழிக்கறியை எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள் என்பதற்குக் கிடைத்தது. பொடியன் கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வரவும், ஆட்களிடம் பேசவும், படம் எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. தடுத்தால் அது இன்னொரு குற்றம். இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ் தந்தால் திருத்துவதற்குக் குறைந்தது 21 நாள் கொடுப்பார், அதற்கெதிரான மேல்முறையீட்டுக்கும் 21 நாள்தான். ஃப்ரையரையே தொடக் கூடாது என்று தடை நோட்டீஸ் தந்தால் மேல்முறையீடு செய்தாலும் தீர்ப்பாயம் சொல்லும்வரை தொடக் கூடாது. வழக்குவரை போனால் அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை, தனி ஆளுக்கு இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவர் வரும்போது வால்வு திறக்க வேண்டும், ரோட்டா மாறியிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

பற்பசை வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். மஞ்சளும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட வேண்டும், ஒட்டிப்போன துணியை இழுக்கக் கூடாது. பிறகு கிளிங் ஃபிலிமை மேலே விரித்து மூடி ஆஸ்பத்திரிக்கு. ஃப்ரையர் இருக்கும் கடைக்குத் தீ அபாய மதிப்பீடும் வேண்டும், 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எத்தனை பேர் வேலை செய்தாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் கடைக்கு மேல்மாடியில் குடும்பம் இருக்கிறது என்றீர்கள், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் நம்பர் தந்து தம்பியிடமும் பேசினேன். வால்வு இறுகியிருக்கிறது என்று மே மாதமே சமையல்காரரிடம் சொன்னானாம். அவரும் உங்களிடம் சொன்னாராம், திருவிழா ஆர்டர் முடியட்டும் என்றீர்களாம். அவன் வேலைக்குத் திரும்பும் நாளில் ஃப்ரையர் பக்கம் விடாதீர்கள், கை ஆறட்டும். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தேநீர் கொடுத்து, வேறு எதை எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பேனா கையில் இருக்கட்டும்.